‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்ததா? ஆங்கிலச் சொல்லின் வேர் தேடும் முறை

‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனதுதான் என்று பல வருஷமாக நம்பியிருந்தேன். மகளின் பள்ளிக் கட்டுரைக்காக அகராதியைப் புரட்டியபோதுதான் அதில் பாதிதான் சரி என்று தெரிந்தது. குட்டிச் சொற்களில் இந்தச் சிக்கல் நிறைய உண்டு. அன்று நான் தேடிய வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: நல்ல அகராதி. பொருளை மட்டும் தரும் மொபைல் செயலிகள் இதற்கு உதவாது. இணையத்தில் சொற்களின் வேரைச் சொல்லும் எட்டிமான்லைன் அகராதி இலவசம்; முதலில் அதைத்தான் திறப்பேன். இந்தியா வழியாகப் போன சொல் என்றால், யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதிக்கு ஈடு இல்லை.

படி 2: அகராதிப் பதிவின் தொடக்கத்தில் நிற்கும் தலைச்சொல்லை ஒட்டியுள்ள குட்டி எண். நான் தடுமாறியது இங்கேதான். பதிவுக்குள்ளே வரும் 1, 2, 3 எல்லாம் ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்கள். தலைச்சொல்லோடு ஒட்டிச் சின்னதாக நிற்கும் எண் வேறு. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இது தனிச் சொல் என்று அது சொல்கிறது. நான் முதல் பதிவைப் படித்துவிட்டு அகராதியை மூடிவிட்டேன். அடுத்த பதிவில்தான் நம் காசு இருந்தது.

படி 3: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேர் தேடுங்கள். இன்று நாம் ரொக்கம் என்ற பொருளில் சொல்லும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ‘கேப்சா’ என்ற லத்தீன் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு, இத்தாலிய வடிவங்கள் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பணப்பெட்டியைக் குறித்த சொல் பிறகு உள்ளே இருந்த பணத்துக்கே பெயரானது. இன்னொரு கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயம். அது தமிழ்க் காசு. போர்ச்சுகீசியர் வாயில் ‘கைஷா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது. போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள், அதுவும் அதே கேப்சாவின் வழி வந்ததுதான். இரண்டும் இப்படிப் பின்னிக்கிடப்பதால்தான் குழப்பமே.

படி 4: முடிந்தால் அந்தச் சொல் குறிக்கும் பண்டத்தையே கண்ணால் பாருங்கள். நாணயம் சேர்க்கும் நண்பரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808-ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக வரிகள், அவற்றின் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘கேஷ்’. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அன்றைய சென்னையில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் ‘வராகன்’ என்ற பொற்காசு ஒன்று. வராகனுக்கு 3360 காசு! 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்து இந்த முறை ஓய்ந்தது.

பிறகு சேர்த்தது: மெரியம்-வெப்ஸ்டர் என்ற ஆங்கில அகராதியின் அச்சுப் பதிப்பைப் பார்த்த ஒருவர், கேஷுக்கு இரண்டுக்கும் மேல் குட்டி எண்கள் இருப்பதாகச் சொன்னார். சரிதான். அதில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று மாறினாலும் எண் மாறும். அதனால் எண்ணோடு நிறுத்தாமல், சதுர அடைப்புக்குறிக்குள் தரும் வேர்க்குறிப்பையும் படித்துவிடுங்கள்.

அப்புறம், பழக ‘மின்ட்’ நல்ல சொல். புதினாவுக்கு ஒரு வேர், நாணயச்சாலைக்கு வேறொரு வேர்.