சிக்னலில் தடுமாறாமல் கார் ஓட்டுவது எப்படி? டெல்டாவில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு

என் தங்கை கார் ஓட்டிப் பழகியது திருவையாற்றுப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ரோடுகளில். குறுகலான பாலம் வந்தால் எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து, யார் முதலில் போவது என்று முடிவு செய்வாள். ஐந்து ஆறுகளைத் தாண்டித் தஞ்சாவூருக்குள் நுழைந்து முதல் சிக்னலைப் பார்த்ததும் அவளுக்குக் கை நடுங்கிவிட்டது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. தூரத்தில் தெரியும்போதே

சிக்னல் கண்ணில் பட்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பச்சை எரிந்தாலும் சரி. அது எவ்வளவு நேரமாக எரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது, எந்த நொடியும் மாறலாம். கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பாருங்கள். திரும்ப வேண்டுமானால் இண்டிகேட்டர் போட்டு, இப்போதே அந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

2. மஞ்சள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். மஞ்சளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் கடந்திருக்கும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில் இன்னும் ஒரு 12 மீட்டர். மொத்தத்தில் இரண்டு பேருந்தை வரிசையாக நிறுத்திய நீளம். 60-ல் வந்தால் அதுவே ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அறுவடை நாளில் டிராக்டர் டயரிலிருந்து உதிர்ந்த வயல் சேற்றின் மேல் தூறலும் விழுந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, இன்னும் மெதுவாக வாருங்கள்.

நான் செய்வது இது: நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு பேருந்து நீளம் முன்னால் ஒரு கம்பத்தையோ டீக்கடையையோ மனதில் குறித்துக்கொள்வேன். அதைத் தாண்டும் முன் மஞ்சள் விழுந்தால் நிற்பேன். தாண்டிவிட்டால், சடாரென்று பிரேக் அடிக்காமல் நேராகப் போய்விடுவேன். வேகத்தைக் கூட்டித் தப்பிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. சிவப்பு

வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள், ஜீப்ரா கோடு நடப்பவர்களுக்கு. நியூட்ரல், ஹேண்ட்பிரேக். முன்னால் நிற்கும் வண்டியின் பின் டயர் தரையைத் தொடுவது தெரிகிற அளவு இடைவெளி விடுங்கள். வைக்கோல் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள், ஒட்டி நின்றால் விளக்கே தெரியாது.

ரோடு காலியாக இருந்தாலும் சிவப்பைத் தாண்டாதீர்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது ஆபத்தாக ஓட்டிய குற்றம். சட்டத்தில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ உண்டு. இடது பக்கம் திரும்புவதும் அப்படித்தான், பலகையோ அம்பு விளக்கோ அனுமதித்தால் மட்டும்.

4. பச்சை விழுந்ததும்

உடனே கிளம்பாதீர்கள், இரண்டு நொடி பாருங்கள். முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது. நமக்கு முதலில் குறுக்கே வருவது வலப்பக்கத்து வண்டிதான். ஒரு தை மாதச் சாயங்காலம் நான் முதல் ஆளாக நின்றிருந்தேன். பச்சை விழுந்தது, வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நிற்க முடியாமல் வந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக் பிடித்துத்தான் இருந்தார், பின்னால் டிரெய்லரின் பாரம் தள்ளிக்கொண்டே வந்தது. என் பம்பருக்கு முன்னால் கடந்தபோது மூட்டைகளின் சணல் தையல்கூடத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு நொடியை நான் விட்டதே இல்லை.

வலது பக்கம் திரும்பத் தனி அம்பு இல்லையென்றால், எதிரே வருபவருக்கும் பச்சைதான். காத்திருக்கும்போது ஸ்டியரிங்கை நேராக வைத்திருங்கள். முன்கூட்டியே ஒடித்து வைத்தால், பின்னால் ஒருவர் இடித்தாலும் எதிர்வண்டிக்கு நேரே போய் நிற்பீர்கள்.

5. விளக்கே எரியாவிட்டால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் சிக்னல் அணைந்திருக்கலாம். அப்போது கிட்டத்தட்ட நின்று, பார்த்து, மெதுவாகக் கடங்கள். மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். சிவப்பு அப்படி எரிந்தால் நின்று பார்த்துப் போங்கள். போலீஸ்காரர் கை காட்டினால், விளக்கு எதுவானாலும் அவர் கைதான் கணக்கு.

அப்புறம், பச்சையில் இன்ஜின் நின்றுவிட்டால் பின்னால் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள். கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பி, முதல் கியர். தங்கைக்கு முதல் நாள் மூன்று முறை நின்றது, மூன்று முறையும் இதைத்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தாள்.