ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் கெடு தவறாமல் டாஸ்க் ஓட

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது சிறு சிப்களில் பல வேலைகளை (டாஸ்க்) முன்னுரிமைப்படி மாற்றி மாற்றி ஓட்டும் இயங்குதளம். ஒரு மோட்டார் கன்ட்ரோல் போர்டை எடுத்துக்கொள்வோம். கார்டெக்ஸ் எம்4 சிப், மூன்று டாஸ்க். வேகத்தைச் சரிசெய்வது 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வந்து 1 மி.செ. ஓடும். சென்சார் ஃபில்டர் 20-க்கு ஒருமுறை, 6 மி.செ. திரையும் லாக்கும் 100-க்கு ஒருமுறை, 35 மி.செ. அடுத்த முறை வருவதற்குள் வேலை முடிய வேண்டும், அதுவே கெடு.

இந்த ஓட்ட நேரங்கள் சராசரியாக இருந்தால் கணக்கே வீண். மற்ற டாஸ்க்குகளை நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் சிப்பின் ஒரு பின்னை உயர்த்தி, முடிவில் இறக்கி, ஆசிலோஸ்கோப்பில் அந்தத் துடிப்பின் அதிகபட்ச அகலத்தைப் பாருங்கள். சென்சார் வயரைக் கழற்றியும் அளக்க வேண்டும்: டைம்அவுட் வரை காத்திருக்கும் பிழைப் பாதைதான் பெரும்பாலும் நீளமானது.

அடிக்கடி வரும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை: 3, 2, 1. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எண் பெரிதானால் முன்னுரிமை அதிகம். கார்டெக்ஸ் இன்டரப்டில் (வன்பொருள் ஓடும் வேலையை இடைமறிப்பது) நேர் எதிர். இதைக் குழப்பிக்கொண்டு நாட்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

சிபியு சுமை 20 + 30 + 35 = 85 சதவீதம். கெடு தவறாது என்று உறுதி சொல்ல ஆய்வாளர்கள் லியுவும் லேலண்டும் 1973-இல் தந்த வரம்பு மூன்று டாஸ்க்குக்குச் சுமார் 78. அதற்குள் இருந்தால் கவலையில்லை. தாண்டினால் தோல்வி என்று பொருளல்ல, கடைசி டாஸ்க்கைக் கையால் கணக்கிட வேண்டும். 35 மி.செ.க்குள் முதல் டாஸ்க் 7 முறை, இரண்டாவது 2 முறை குறுக்கிடும்: 35 + 7 + 12 = 54. இனி 54-ஐ வைத்து அதே கணக்கு: 64. பிறகு 72, 74, மறுபடி 74. எண் நின்றுவிட்டது, 100-க்குள் முடிகிறது.

ஆனால் பூட்டு, அதாவது ஒரு டாஸ்க் பொதுவான ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றவற்றைத் தடுப்பது, இந்தக் கணக்கைக் கவிழ்க்கும். திரை டாஸ்க் ஐ2சி பஸ்ஸை (சிப்பும் மற்ற கருவிகளும் பேசும் பொதுத் தடம்) 2 மி.செ. பூட்டி வைத்திருக்கும்போது வேக டாஸ்க் அதே பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது. நடுவில் ஃபில்டர் புகுந்து 6 மி.செ. எடுத்துக்கொள்கிறது. 2 + 6 + 1 = 9. கெடு 5. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதே முன்னுரிமைத் தலைகீழால்தான். மியூடெக்ஸ் என்ற பூட்டில் முன்னுரிமை வாரிசு வசதியை (பூட்டியிருக்கும் டாஸ்க், காத்திருப்பதன் உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும்) இயக்கியதும் சரியானது. ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூடெக்ஸில் அது உண்டு, பைனரி செமஃபோர் என்ற எளிய சைகைக் கருவியில் கிடையாது. ஆகவே பஸ்ஸைப் பூட்ட மியூடெக்ஸ் மட்டுமே. அப்போது வேக டாஸ்க் 3 மி.செ.யிலும், ஃபில்டர் 10-லும் (2 + 6, இடையில் வேக டாஸ்க் இருமுறை) முடியும்.

டிக், அதாவது இயங்குதளம் நேரம் எண்ணும் துடிப்பு, அதன் வேகத்தையும் பாருங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு டிக் 10 மி.செ.; 5 மி.செ.யை டிக்காக மாற்றினால் 0 வரும். 1000 வையுங்கள். காத்திருக்க சாதாரண டிலே வேண்டாம், அது கூப்பிட்ட கணத்திலிருந்து எண்ணுவதால் ஓட்ட நேரமும் சேர்ந்து சுழற்சி நழுவும். டிலே அன்டில் முந்தைய விழிப்பு நேரத்திலிருந்து எண்ணும்.