ஸ்டிக்கரில் 50, தகட்டில் 60

கிளிநொச்சிப் பட்டறைக்குக் கையால் தள்ளும் சீவுளி மெசின் ஒன்று வாங்கினேன். இரண்டு கடை விசாரித்து, விலை குறைந்த பிராண்டையே எடுத்தேன். பத்து நிமிடம் ஓடினால் மோட்டரில் கை வைக்க முடியாது. முதிரைப் பலகையில் அலை அலையாய்க் கோடு.

விற்றவரிடம் கேட்டேன். "உங்கட பக்கம் கரண்ட் குறைவு, தம்பி" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 228 வோல்ட். கத்தியைத் தீட்டினேன். தடித்த வயர் இழுத்தேன். நாலு நாள் போனதுதான் மிச்சம்.

மரம் போடாமல் சும்மா ஓடவிட்டாலும் அதே சூடு. அதுதான் இடித்தது. மோட்டரைக் கழற்றித் தூசியைத் துடைத்தால், மெசின் உடம்பில் ஒட்டிய ஸ்டிக்கரில் 50 ஹேர்ட்ஸ் (கரண்ட் விநாடிக்கு எத்தனை தரம் அலையடிக்கிறது என்ற கணக்கு), மோட்டரின் தகட்டிலோ 220 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், நிமிடத்துக்கு 3450 சுற்று! எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதில் இந்த மோட்டர் 2850 சுற்றுக்கு இறங்கி, வெறுமனே ஓடும்போதும் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும்.

விற்றவர் மாற்றித் தரவில்லை. வவுனியாவில் வேறு கடையில், தகட்டைப் பார்த்த பிறகே 50 ஹேர்ட்ஸ் மோட்டர் வாங்கினேன். அதுவும் 2850தான். கத்தி மெதுவாய்ச் சுற்றுவதால்தான் பலகையில் கோடு. ஆகவே கத்தியின் வேகத்தைக் கூட்ட, மோட்டர்ப் பக்கத்து 100 மில்லிமீற்றர் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) 120 ஆக்கினேன், பெல்ட்டும் ஒரு அளவு கூட. இதைச் செய்யாவிட்டால் சூடு போகும், கோடு போகாது.

இப்போது முதிரை கண்ணாடி மாதிரி வருகிறது. அடுத்து வட்ட வாள் வாங்க வேண்டும். டோர்ச் லைட்டோடுதான் கடைக்குப் போவேன்.