இன்டர்னல் வாரத்து வயிற்று வலி: ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்கு

பொறியியல் கல்லூரி ஒன்றின் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். முதல் இன்டர்னல் தேர்வுத் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறியதும் என் பதிவேட்டில் ஃபர்ஸ்ட் இயர் பெயர்கள் பெருகிவிடும். வயிற்று வலி, தலைவலி, குமட்டல், படபடப்பு. 'பயமா இருக்கு சிஸ்டர்' என்று யாரும் வருவதில்லை, மாத்திரை கேட்டுத்தான் வருவார்கள்.

அந்த வலி நடிப்பில்லை. பயத்தில் அட்ரினலினும் கார்ட்டிசோலும் ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கும், குடல் தாறுமாறாக வேலை செய்யும், கழுத்துத் தசை இறுகித் தலை வலிக்கும். ஆனாலும் நான் முதலில் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்ட?" என்றுதான். "டீ மட்டும்" என்பார்கள். மெஸ் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்தால் வேறென்ன கிடைக்கும்? அறையில் வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும் வாங்கி வையுங்கள். மெஸ்ஸில் உப்புமா போடும் நாளுக்கும் அதுதான் துணை. ரூம்மேட் கொடுத்தார் என்று ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடாதீர்கள், வயிறு புண்ணாகும்.

அடுத்தது தூக்கம். 18 வயதில் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். காபியில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்தால் 2 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். அப்புறம் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி? கடைசி டீயைச் சாயங்காலம் நாலு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். தலைமாட்டிலேயே பிளக் பாயின்ட் இருந்தால் போனைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். விடிய விடியப் படித்தது மனதில் தங்குவதற்கும் தூக்கம்தான் வேண்டும்.

படபடப்போடு வருபவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கையை வயிற்றில் வைக்கச் சொல்வேன். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுக்க வேண்டும், கை மேலே எழும்ப வேண்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். முதலில் எல்லாருக்கும் தோள்தான் தூக்கும். சில நிமிடம் செய்தால் வயிறு ஏறி இறங்கத் தொடங்கும், நாடியும் தணியும். தேர்வு ஹாலில் கேள்வித்தாள் வருவதற்கு முன்பும் செய்யலாம், பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது.

மாலையில் அரை மணி நேரம் கிரவுண்டில் நடங்கள், போதும். முதல் மாதமே ஜிம்முக்குப் பணம் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. கிளாஸ் பிளாக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் அதனால்தான் வரும். கழிப்பறை மோசம் என்று எழுதிக் கொடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இடமும் தூக்கமும் மாறியதில் பீரியட்ஸ் தள்ளிப்போவது உண்டு. மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளின் தலைவலி வேறு ரகம். பள்ளியில் முதல் மாணவராக இருந்துவிட்டு, இங்கே மேத்ஸ் வகுப்பில் ஒரு வரியும் புரியாமல் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமில்லை. இதற்கு என்னிடம் மாத்திரை கிடையாது. உங்களைப் போலவே வந்த ஒரு செகண்ட் இயர் அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடியுங்கள். அவர்களுடைய பழைய நோட்டை வாங்குங்கள், எந்த சார் சந்தேகம் கேட்டால் திட்டமாட்டார் என்றும் கேட்டு வையுங்கள்.

காய்ச்சல், கறுப்பாக மலம், மயக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றை டென்ஷன் என்று தள்ளிவிடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை என்றாலும், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலும் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், இங்கிருந்தே போட்டுத் தருகிறேன்.