‘கெட்’ (get) என்ற குட்டி ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

என் முதல் வேலையில் மேலாளர் ஏதோ விளக்கிவிட்டு, “டிட் யூ கெட் இட்?” என்று கேட்டார். நான் கையைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் எதுவும் வரலையே சார்” என்றேன். புரிந்ததா என்று அவர் கேட்டிருக்கிறார். ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று மட்டுமே மனப்பாடம் செய்திருந்தேன், அதன் விளைவு.

நம் ‘போடு’வை நினைத்துப் பாருங்கள். சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். பக்கத்துச் சொல்தான் பொருளைத் தருகிறது. ‘கெட்’டும் அதே ஜாதிதான்.

படி 1: அடுத்த சொல்லைப் பாருங்கள். அது ஒரு பொருளின் பெயராக இருந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது என்ற வட்டத்துக்குள் இருக்கும். ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் வந்தது (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகாலம்). ‘கெட் மீ சம் வாட்டர்’ என்றால் தண்ணீர் கொண்டு வா. ‘கெட் எ கோல்ட்’ என்றால் சளி பிடிப்பது. அதையும் வாங்கிக்கொள்வதாகத்தான் ஆங்கிலம் நினைக்கிறது.

படி 2: அடுத்து வருவது ஒரு நிலையைச் சொல்லும் சொல்லா? அப்படியானால் ‘ஆகு’. இங்கேதான் நாம் அதிகம் சறுக்குகிறோம். ‘இட் இஸ் டார்க்’ என்றால் இருட்டாக இருக்கிறது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. முதலாவது நிலை, இரண்டாவது மாற்றம். ‘ஐ ஆம் டயர்ட்’, ‘ஐ ஆம் கெட்டிங் டயர்ட்’ இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே கேட்கும். அப்புறம், ‘கெட் மேரீட்’டுக்குப் பின்னால் ‘வித்’ வராது, ‘டு’தான். கல்யாணம் நமக்கு ஒருவரோடு நடக்கிறது, அதனால்தான் ‘வித்’ போடக் கை துறுதுறுக்கிறது.

படி 3: இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் டு தி ஸ்டேஷன்’ சரி. ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ வேண்டாம்: ‘வென் டிட் யூ கெட் ஹோம்?’

படி 4: ஏறுவதும் இறங்குவதும். பஸ், ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து உட்கார்ந்துகொள்கிற வண்டிக்கு ‘இன்’ என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தப்பாது. பைக்குக்கும் ‘ஆன்’தான், அதில் உள்ளே என்று ஒன்று கிடையாதே.

படி 5: இறந்தகாலம் ‘காட்’. அமெரிக்கர்கள் ‘ஹேவ்’ உடன் ‘காட்டன்’ என்றும் சொல்வார்கள், பருத்தி என்று நினைத்துவிட வேண்டாம். விண்ணப்பம், அலுவலகக் கடிதம் எழுதும்போது ‘கெட்’டைக் குறைத்து ‘ரிசீவ்’, ‘பிகம்’ என்று போடுவது நல்லது. பேச்சில் தாராளமாக விடுங்கள்.

சரி, இப்போது பயிற்சி. இதைத் தமிழில் சொல்லுங்கள்: ‘ஐ காட் அப், காட் டிரெஸ்ட், காட் ஆன் தி பஸ், காட் டு தி ஆபீஸ் லேட் அண்ட் காட் எ ஸ்கோல்டிங்.’

எழுந்தேன், உடுத்திக்கொண்டேன், பஸ் ஏறினேன், தாமதமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன், திட்டு வாங்கினேன்.