பார்வையில் மின்னும் வளைகோடு: மைக்ரேன் 'ஆரா' வந்தால் என்ன செய்வது?

படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும். கண்ணைக் கசக்கினாலும் திரும்ப வராது. சில நிமிடங்களில் அந்த இடத்தைச் சுற்றி ரம்பப் பல் போன்ற கோடு ஒன்று மினுமினுக்கத் தொடங்கி, பிறை வடிவில் ஓரத்தை நோக்கி விரியும். பிறைக்கு உள்ளே மங்கலாகவோ வெறுமையாகவோ இருக்கும். இதைத்தான் மருத்துவர்கள் மைக்ரேனின் (ஒற்றைத் தலைவலியின்) 'ஆரா' என்கிறார்கள். வழக்கமாக 5 முதல் 60 நிமிடங்கள் வரை இருந்துவிட்டுத் தானாக விலகும். அதைத் தொடர்ந்து தலைவலி வரலாம். சிலருக்கு வராமலே போகலாம்.

முதல் முறை வரும்போது கண்ணே போய்விட்டதோ என்று பதறாதவர்கள் குறைவு. ஆனால் அந்த நேரம் மிகவும் முக்கியமானது. ஆரா விலகிய பிறகு கண்ணைச் சோதித்தால் எதுவும் தெரியாது. ஸ்கேனும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இன்ன நோய் என்று மருத்துவர் முடிவுசெய்வது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான்.

முதல் சில நிமிடங்களில்

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். "இத்தனூண்டு புள்ளிதானே" என்று தொடர வேண்டாம். காணாமல் போன பகுதியை மூளை சுற்றியுள்ள காட்சியைக் கொண்டே நிரப்பிவிடும். எதிரே வருபவர் அந்த வெற்றிடத்துக்குள் இருந்தால், அங்கே ஆள் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. பார்வை முழுதாகத் திரும்பும்வரை ஓட்டாதீர்கள். ஏணி, வெட்டும் இயந்திரம், அடுப்பு எதுவானாலும் இதேதான்.

அடுத்து மணியைப் பாருங்கள். தொடங்கிய நேரத்தை எழுதிவையுங்கள். பதற்றத்தில் 10 நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றும். பிறகு ஞாபகத்திலிருந்து சொல்வது பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

பிறகு ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிப் பாருங்கள். அடுத்து மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் அதே கோடு அதே பக்கத்தில் தெரிந்தால், கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கையாளும் இடத்தில் இருக்கிறது. மைக்ரேன் ஆரா அப்படித்தான் இருக்கும். இங்கேதான் பலரும் தவறுவார்கள்: பார்வையின் இடப்பக்கம் மறைந்தால் "இடது கண் தெரியவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். மூடிப் பார்க்காமல் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு கண்ணில் மட்டும்தான் மறைப்பு என்றால் அது வேறு விஷயம், கீழே வருகிறது.

முடிந்தால் படமும் வரையுங்கள். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி கோடு தெரியும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதே தாளில் மறுபடி வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கோடு மெல்ல மெல்ல நகர்ந்திருப்பது கண்கூடாகத் தெரியும்.

அந்த நகர்வுக்குக் காரணம் உண்டு. மூளையின் மேற்பரப்பில் நரம்பு அணுக்கள் கிளர்ந்தெழுந்து, பின் சற்று நேரம் அடங்கிப்போகும் ஒரு அலை பரவுகிறது. 1941-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் ஆராவையே படம் வரைந்து, அது மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்கிட்டார். 1944-இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடஸ் லியாவோ இத்தகைய அலையை முயலின் மூளையில் பதிவுசெய்தார். கிளர்ச்சிதான் மினுமினுப்பு, அடக்கம்தான் மறைப்பு. ரத்தக்குழாய் அடைத்தால் இப்படி ஊர்ந்து விரியாது. பட்டென்று வெளிச்சம் அணைந்தது போல் ஆகும். மருத்துவர் "மெல்ல வந்ததா, திடீரென வந்ததா?" என்று கேட்பது இதனால்தான்.

மாத்திரை எப்போது?

நடந்துகொண்டிருக்கும் ஆராவை நிறுத்த நம்பகமான மாத்திரை இல்லை. நிழலான இடத்தில் உட்கார்ந்து, திரைகளை அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டியதுதான். பின்னால் வரும் வலிக்கு மருந்து உண்டு. வழக்கமான ஆராதான் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள், தங்களுக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரையைச் சீக்கிரமே எடுப்பது நல்லது. பெரியவர்களுக்கு இபுபுரூஃபன் 400 மி.கி. அல்லது பாராசிட்டமால் 1000 மி.கி. வழக்கமான அளவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இபுபுரூஃபன் எடுக்கக் கூடாது. மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும். வலி முற்றிய பின் விழுங்கும் மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுமாட்ரிப்டான் போன்ற, மைக்ரேன் வலிக்கென்றே உள்ள ட்ரிப்டான் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், ஆராவின்போது அல்ல, வலி தொடங்கியதும் எடுங்கள். ட்ரிப்டானை மாதத்தில் 10 நாளோ, சாதாரண வலி மாத்திரையை 15 நாளோ எடுக்கும் நிலை தொடர்ந்தால், மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

பார்வை நொடியில் மறைந்தால், முகம் கோணினால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். மைக்ரேனிலும் விரலிலிருந்து முகத்துக்கு மரத்துப்போவதும் பேச்சுத் தடுமாற்றமும் வரும். ஆனால் அதை வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முயல வேண்டாம், முதல் முறையென்றால் நிச்சயமாக வேண்டாம். பக்கவாதமோ என்ற சந்தேகத்தில் நீங்களாகவே ஆஸ்பிரின் விழுங்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும்.

ஒரு கண்ணில் மட்டும் மின்னல் வெட்டு, திடீரெனக் கூட்டமாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு: இவை விழித்திரை விலகுவதன் அறிகுறிகள். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் பார்வை மங்கலோடு புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலை சீவினால் தலைத்தோலில் வலி இருந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. ஆரா 60 நிமிடத்தைத் தாண்டினாலோ, 40 வயதுக்குப் பிறகு முதல் முறையாக வந்தாலோ, பழைய வடிவம் மாறினாலோ பரிசோதனை தேவை.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல

வரைந்த தாளோடு தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முந்தைய இரவுத் தூக்கம், தவறவிட்ட சாப்பாடு, மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை ஆகியவற்றை இரண்டு மூன்று மாதம் குறித்துவையுங்கள். பெண்கள் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை. ஆராவோடு கூடிய மைக்ரேன் உள்ளவர்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். புகைபிடித்தால் இன்னும் கூடும். தலைவலிக்கும் கருத்தடைக்கும் வெவ்வேறு மருத்துவர்களிடம் போவதால், இருவரில் ஒருவருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று வழிகள் உண்டு, கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.