அளவு நாடாவோடு ஓவியம் பார்க்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் நாங்கள் இருந்த வீட்டுச் சாமி மேடையில் ஒரு சரஸ்வதி படம் இருந்தது. மளிகைக் கடை காலண்டரிலிருந்து பாட்டி வெட்டிச் சட்டம் போட்டது. அது ராஜா ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து அச்சடித்த நகல் என்று எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அந்தத் தேவிகள் வீடு வீடாக வந்தார்கள். ஆக, நகல் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. கைப்பேசியில் ஓவியம் பார்க்கிறோமே என்று கூச வேண்டாம். பார்க்கிற முறை மட்டும் கொஞ்சம் மாறட்டும்.

முதலில் ஒரே ஓவியம். கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் செயலி இலவசம். அதில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். இருபது படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

கைப்பேசியின் இரவு ஒளியை அணையுங்கள். திரையை மஞ்சளாக்கும் அந்த வசதி வண்ணங்களையும் மாற்றிவிடும்.

அளவைத் தேடுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரையில் எல்லா ஓவியமும் உள்ளங்கை அளவுதான். படத்தின் விவரத்தில் உயரமும் அகலமும் இருக்கும். நாடாவும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு அதே அளவைச் சுவரில் கோடு போடுங்கள். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். எங்கள் கூடத்தில் போட்டதும் அக்கா மகள், "இவ்ளோதானா சித்தி?" என்றாள். அடுத்து ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்'. மூன்றரை மீட்டருக்கும் மேல் உயரம், நாலு மீட்டருக்கும் மேல் அகலம். சுவர் போதவில்லை. தோட்டத்துப் பூப்பந்துத் திடலுக்குப் போய்த் தரையில் வரைந்தோம். அந்தக் கோட்டுக்குள் நின்றபோதுதான் அதில் உள்ள மனிதர்கள் ஏறக்குறைய நம் உயரம் என்பது உறைத்தது.

அப்புறம் பெரிதாக்குங்கள். இந்த இடத்தில் திரைதான் ஜெயிக்கும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் 'இரவுக் காவல்' ஓவியத்தை 717 பில்லியன் புள்ளிகள் கொண்ட படமாக வெளியிட்டது. வண்ணப்பூச்சின் வெடிப்புகள்கூடத் தெரியும். டிக்கெட் வாங்கி நேரில் போனவருக்கும் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைக்காது.

திரை தோற்கும் இடமும் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி அதன்மேல் தங்கத் தகடு ஒட்டுவார்கள். நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் மினுக்கமும் நகரும். புகைப்படத்தில் அது ஒரே இடத்தில் உறைந்துவிடும், வெறும் மஞ்சளாகத்தான் தெரியும். வான்கோ 1889இல் வரைந்த 'விண்மீன் இரவு' போல வண்ணத்தை அப்பிய ஓவியங்களுக்கும் இதே கதிதான்.

இப்போது நேரில். சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயில் பிடித்தால் கோலாலம்பூர். 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்துக்கு தித்திவங்சா நகர ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு கிராப் கார். அம்பாங் பார்க் அருகே இல்ஹாம் கலைக்கூடத்தில் நுழைவு இலவசம். திறக்கும் நாளைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து நடந்து கால் வலிக்கும், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் ஒரு சுற்று சும்மா நடங்கள். பிடித்த ஒன்றின் எதிரே திரும்பி வாருங்கள். முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள், பிறகு கிட்டே, கடைசியாகப் பக்கவாட்டில். பக்கவாட்டில் நின்றால்தான் பூச்சின் மேடுபள்ளம் தெரியும். நான் முதல் தடவை ஆர்வத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். காவலர் வந்து, "காக்காக், உண்டுர் சிக்கிட்," என்றார்; 'அக்கா, கொஞ்சம் பின்னால் போங்க' என்று மலாயில். இரண்டடி பின்னால் வந்தேன், மானம் போனதுதான் மிச்சம். ஃபிளாஷ் வேண்டாம், தொடவும் வேண்டாம். சட்டத்துக்குப் பக்கத்துச் சீட்டில் மலாயில் 'சாட் மின்யாக்' என்றிருந்தால் எண்ணெய் வண்ணம், 'பாத்திக்' என்றால் மெழுகும் சாயமும். பினாங்கின் சுவா தியான் தெங் பாத்திக் துணியை ஓவியமாக்கிய முன்னோடி. அவர் ஓவியம் கண்ணில் பட்டால், மெழுகு வெடித்த இடத்தில் சாயம் இறங்கிய மெல்லிய கோடுகளைத் தேடுங்கள்.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஒன்று எடுத்துக்கொண்டு, அங்கேயே கைப்பேசியை ஓவியத்தின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அக்கா மகள் அப்படிப் பிடித்துவிட்டு, "போன்ல பச்சையே பொய் சித்தி," என்று அடுத்த ஓவியத்துக்கு ஓடினாள்.